நிறுத்திய மெசினும் நெரிபட்ட கழுத்தும்

புற்றுநோயாளருக்குக் கொடுக்கும் கதிரின் அளவைச் சரிபார்ப்பதுதான் மருத்துவ பௌதிகவியலாளரின் வேலை. பட்டமும் முதுமாணியும் முடித்து, மட்டக்களப்புப் பக்கம் ஒரு சிகிச்சை நிலையத்தில் நான் பயிற்சியில் இருந்தபோது நடந்தது இது.

தினமும் காலையில் கதிரை அளந்து பார்த்த பிறகே நோயாளரை உள்ளே எடுப்போம். அன்று திரும்பத் திரும்ப அளந்தும் அளவு கூடுதலாகவே காட்டியது. மெசினை நிறுத்தினேன். பனிச்சங்கேணியிலிருந்து, தொண்டைப் புற்றுநோயுள்ள தாயைக் கூட்டிவந்த மீனவர் ஒருவர் கதவைத் தட்டினார்.

"என்ன மிஸ், இன்னும் எடுக்கல்லயா?"

"செக் பண்ணுறம், இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

வெயில் ஏறியதும் கதவை உதைத்துத் திறந்தார். என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினார்.

"அம்மா தண்ணி விழுங்க ஏலாமக் கிடக்கா. நீ உள்ளுக்கிருந்து விளையாடுறியா?"

கண் இருண்டது. தடுக்க வந்த தொழில்நுட்பவியலாளரின் மூக்கை உடைத்தார். கடைசியில், பின்னாலேயே வந்த, குரல் போன அந்தத் தாய்தான் செருப்பைக் கழற்றி, மகனின் முகத்தில் மாறி மாறி அடித்தார். பிடி விட்டது.

"கதிர் அளவுக்கு மிஞ்சி வருது," இருமிக்கொண்டே சொன்னேன். "இப்பிடியே குடுத்தா அம்மாட தொண்டதான் வேகும். அதுக்குத்தான் நிப்பாட்டினன்."

மகன் அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே, மிஸ்."

அவரை நான் மன்னிக்கவில்லை. பொலிசில் முறைப்பாடும் கொடுத்தேன். ஆனால் எத்தனை பரீட்சை எழுதியும் யாரும் எனக்குப் படிப்பிக்காத பாடம் அது. இப்போதெல்லாம் மெசினை நிறுத்தினால் முதலில் வெளியே வந்து, வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பவர்களிடம் ஏன் என்று சொல்கிறேன்.

சுவரோரமாக மட்டும் நிற்பதில்லை.