பிரபு உட்கார்ந்த இடம்

காலையில் கோட்டை, மதியம் கோயில், சாயங்காலம் எங்கள் அக்கா வீட்டுக் கக்கூஸ். தகாஷிரோவிலிருந்து கிளம்பும் சுற்றுலா பஸ்ஸின் ஒரு நாள் இப்படித்தான் போகும். கோட்டை போருக்குப் பிறகு சிமெண்டில் திரும்பக் கட்டியது. உள்ளே மின்தூக்கி ஓடும். கோயிலில் சாமியாக இருப்பவர் அந்தக் கோட்டையை ஆண்ட பிரபுதான், செத்ததும் சாமியாக்கிவிட்டார்கள். அக்கா வீட்டில் இருப்பது, அதே பிரபு பனிப்புயலில் மாட்டிக்கொண்டு தங்கியபோது உட்கார்ந்து எழுந்த இடம். மூன்றையும் பார்த்தால்தான் புண்ணியம் என்கிற மாதிரி பஸ்ஸின் வழிகாட்டிப் பெண் மைக்கில் பேசுவாள்.

அந்த இடத்துக்கு முன்னால் நின்று ஜனங்கள் தலைகுனிந்து வணங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

நான் சில வருஷங்கள் இஸ்தான்புல், காபூல், மதுரை என்று பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்துவிட்டு அந்த இலையுதிர் காலத்தில்தான் திரும்பியிருந்தேன். போன ஊர்களில் கக்கூஸ் என்ற பெயரில் என்னென்னவோ பார்த்தாயிற்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆனால் எனக்கு உண்மையாகக் குமட்டியது இங்கேதான். துளி நாற்றமும் இல்லாமல், கருப்பு அரக்குப் பூசிப் பளபளக்கும் இந்த இடத்தில்.

ஒகிசாவா ஒரு மலையூர். அந்தக் காலத்தில் பிரபுக்கள் பரிவாரத்தோடு தலைநகருக்குப் போகும் வழியில் தங்கிய ஊர். அவர்களைத் தங்கவைக்கும் உரிமை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது. அந்த வீட்டுத் தலைவனுக்கு ஷோபேய் என்று பெயர். அப்பன் செத்தால் மகன் தன் பெயரை விட்டுவிட்டு ஷோபேய் ஆகிவிடுவான். என் அக்கா நொபுயேயின் மாமனார் பன்னிரண்டாவது ஷோபேய். வேலை என்று ஒன்றும் கிடையாது. குடும்பச் சின்னம் போட்ட மேலங்கியை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கக்கூஸை விளக்குவார்.

"கீழே இந்த இழுப்பறை. அதில் மணல், மணலுக்கு மேலே பச்சைத் தேவதாரு இலை. பிரபு எழுந்ததும் அவருடைய வைத்தியர் வெளிப்பக்கமாக வந்து இதை இழுப்பார். பார்ப்பார். முகர்வார். பிரபுவுக்கு உடம்பு சுகமா இல்லையா என்று அதை வைத்துத்தான் சொல்வார்."

முகர்வார் என்னும்போது குரலைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொள்வார். பெண்கள் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழும்.

நொபுயே கல்யாணத்துக்கு முன் தகாஷிரோ தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். யார் லைனில் வந்தாலும் மூச்சுவிடுவதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். மேயர் எப்படிக் கனைப்பார், மீன்கடைக்காரன் எப்படித் திட்டுவான் என்று வீட்டில் நடித்துக்காட்டி எங்களைச் சிரிக்கவைப்பாள். அவளைப் பெண் கேட்டு வந்தபோது என் அப்பா அந்த வீட்டின் பெயரைக் கேட்டே கிறங்கிப்போனார். மாப்பிள்ளை முனேஹரு மரமில்லில் கணக்கர். நல்லவர். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

அந்த வீட்டுக்குப் போனதும் அவளுக்குக் கிடைத்த வேலை, தினமும் காலையில் மண்டியிட்டு பிரபுவின் கக்கூஸைப் பட்டுத்துணியால் துடைப்பது. பிறகு வெளியே போய் இழுப்பறையை இழுத்து, வாடிய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை பரப்புவது. நூறு வருஷத்துக்கு மேலாக அதில் ஒன்றும் விழவில்லை. இலை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

வீட்டு மனிதர்கள் போவது வேறு இடம். முற்றத்தைக் கடந்து, சரக்கு அறையைத் தாண்டி, வேலியோரம் பலகை அடித்த குழிக் கக்கூஸ். குளிர்காலத்தில் அந்த வழி முழுக்கப் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடக்கும். போன குளிர்காலத்தில் நொபுயே அங்கேதான் வழுக்கி விழுந்தாள். வயிற்றிலிருந்த குழந்தை போயிற்று. இந்த வருஷம் மறுபடி உண்டாகியிருந்தாள். எனக்கு வேறு வேலை இல்லாததால் துணைக்கு இருக்கட்டும் என்று அம்மா என்னை அனுப்பிவைத்தாள்.

போன மறுநாளே அக்கா துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உலகம் பூரா சுத்தினியே மாக்கி, இந்த மாதிரி ஒண்ணு பாத்தியா?"

"இந்த மாதிரி மருமகளத்தான் பாக்கல. ஆள் வராத கக்கூஸுக்கு தினமும் பூப் போடுறவ நீ ஒருத்திதான்."

"பூ இல்லடி, இலை. வாசனைக்கு."

"எதோட வாசனைய மறைக்க? உள்ளதான் ஒண்ணும் இல்லியே."

"மெதுவாப் பேசு, மாமா காதுல விழும்." சிரிப்பை அடக்கிக்கொண்டு, பழைய தொலைபேசிக் குரலை எடுத்தாள். "பிரபு லைன்ல இல்லீங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க."

சிரித்துக்கொண்டே எழுந்தவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

பனி விழுமுன் பின்கட்டில் ஒரு சின்னக் கக்கூஸ் வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அரசு பாதுகாக்கும் பழைய வீடு என்பதால் மாமனார் காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுக்காமல் ஆணிகூட அடிக்க முடியாது. சாப்பாட்டு வேளையில் அவள் பேச்செடுத்தாள்.

"மாமா, பின்கட்டு ஓரமா, சின்னதா ஒண்ணு கட்டிக்கிட்டா..."

"இந்தக் கூரைக்குக் கீழ அந்தக் காரியத்துக்கு உக்காந்தவர் பிரபு ஒருத்தர்தான்," என்றார் ஷோபேய். "அதே கூரைக்குக் கீழ நீயும் நானும் போய் உக்காந்தா, அப்புறம் அந்த எடத்துக்கு என்ன மரியாதை?"

"போன வருஷம் அக்கா விழுந்தாளே மாமா," என்றேன் நான்.

"பனியில நடக்கத் தெரியாத டவுன் பொண்ணு, விழுந்தா. எங்கம்மா ஏழு பெத்தா. இதே முத்தத்தத் தாண்டித்தான் போனா, வந்தா."

முனேஹரு சூப் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டே, "அப்பா சொல்றதும்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. ஊறுகாய் முள்ளங்கியை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதே மாதம் ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பஸ்ஸில் வரும் பெண்கள் குழிக் கக்கூஸைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள், வருகிறவர்களுக்கு நல்லதாக ஒன்று கட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் பேசி முடிப்பதற்குள் ஷோபேய் முத்திரையை எடுத்துவிட்டார்.

"விருந்தாளிக்குன்னா செய்யத்தானே வேணும்."

கட்டினார்கள். வெள்ளை ஓடு, கைகழுவத் தொட்டி, குளிருக்கு அடுப்பு. பின்கட்டுத் தாழ்வாரத்திலிருந்து அதுவரைக்கும் கூரை போட்ட நடை. ஒரு துளி பனி மேலே விழாமல் போய்வரலாம். பூசாரி வந்து மந்திரம் சொல்லி தீட்டுக் கழிக்க வெள்ளைக் காகிதம் கட்டிய கோலை ஆட்டிவிட்டுப் போனார். பிரபுவின் கூரைக்குக் கீழே வராதபடி தனிக் கூரையாகப் போட்டிருந்ததில் ஷோபேய்க்குத் திருப்தி.

"உன் கஷ்டம் முடிஞ்சுதுக்கா," என்றேன்.

நொபுயே என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "அது விருந்தாளிங்களுக்குடி."

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான். அலமாரியில் விருந்தாளி மெத்தை, விருந்தாளிப் போர்வை, விருந்தாளிக் கிண்ணம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து பல் கிட்டினாலும் கிழிந்த போர்வையாக நாலு போடுவார்களே தவிர, அலமாரியைத் திறக்க மாட்டார்கள். விளிம்பு உடைந்த கிண்ணத்தில் குடித்தே செத்துப்போவோம். அக்கா சொன்னதும் எனக்கே ஒரு நொடி, அதுவும் சரிதானே என்று தோன்றியது. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பு.

அந்தப் புதுக் கக்கூஸைக் கழுவுவதும் நொபுயேதான். கழுவிவிட்டு, பூட்டிவிட்டு, அதைத் தாண்டி முற்றத்துக் குழிக்குப் போவாள்.

பனி வந்தது. முற்றத்தில் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டினேன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் நான் என்று கூட்டிப்போவேன். போகிற தடவையைக் குறைக்க அவள் தேநீரை நிறுத்தினாள். பிறகு சூப்பை நிறுத்தினாள். உதடு வெடித்தது, கால் வீங்கியது. "தண்ணி நெறையக் குடிக்கணும்மா, இல்லேன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து," என்று டாக்டர் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து, மறுபடியும் குடிக்காமலே இருந்தாள்.

"குடிச்சாப் போகணும். போனா விழுவேன்," என்றாள். "விழுந்தா இதுவும் போயிடும் மாக்கி."

பனிக்காலத்திலும் பஸ் வந்தது. பனியில் பழைய வீடு இன்னும் அழகு என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு நாள் பிற்பகல், ஓய்வுபெற்றவர்களின் சங்கம் ஒன்று வந்தது. கோயில் வாசலில் நண்டு தின்றுவிட்டு வந்த கூட்டம். விருந்தாளிக் கக்கூஸில் வரிசை நின்றது. வரிசையில் யாருக்கோ பொறுக்கவில்லை. யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

கூட்டம் தோட்டத்தைப் பார்க்க நகர்ந்ததும் நாற்றம் வந்தது. ஷோபேய் மூக்கை உயர்த்தினார். வழிவழியாக முகர்தலைப் பற்றிப் பேசிவந்த குடும்பம். முதல் தடவையாக முகர்ந்தார். பிரபுவின் கக்கூஸ் நகர்கதவைத் திறந்து பார்த்தவர் முகம் சாம்பலாகிவிட்டது.

"நொபுயே, இங்க வா. அடுத்த பஸ் வந்துடும். யாருக்கும் தெரியக் கூடாது. சீக்கிரம் அள்ளு."

அவள் வெளிப்பக்கம் போய், வயிற்றைத் தாங்கிக்கொண்டு பனியில் மண்டியிட்டு இழுப்பறையை இழுத்தாள். காலையில் அவள் பரப்பிய பச்சை இலையின் மேல் அது கிடந்தது. அந்தக் காலத்து வைத்தியர் இருந்திருந்தால் பிரபுவின் குடலைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டிருப்பார். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் நொபுயேக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. வயிற்றில் ஒன்றுமே இல்லாத வாந்தி. வெறும் மஞ்சள் தண்ணீர். அரக்கு விளிம்பில் தெறித்தது.

"கொஞ்சம் தள்ளிப் போய் எடுக்கக் கூடாதா?" என்றார் ஷோபேய். "பிரபுவோடது மேல படுதே."

நொபுயே நிமிர்ந்து பார்த்தாள். "எது மாமா பிரபுவோடது?"

அவள் இடுப்பில் செருகியிருந்த பட்டுத்துணியை எடுத்து வாயைத் துடைத்தாள். நிதானமாகத் துடைத்து, அதை இழுப்பறைக்குள்ளேயே போட்டாள்.

"நீங்களே அள்ளிடுங்க மாமா. நான் அவசரமா வெளிய போகணும்."

கூரை போட்ட நடை வழியாக நடந்தாள். கயிறு இல்லை, நானும் இல்லை. வரிசையில் இன்னும் நின்றிருந்த சில பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நீ போம்மா, நீ மொதல்ல போ," என்று ஒதுங்கினார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் இருந்தாள். அடுப்புச் சூட்டில் முகம் சிவந்து வெளியே வந்தவள் வீட்டுக்குள் திரும்பவில்லை. வாசலில் வழிகாட்டிப் பெண்ணிடம் போனாள்.

"தகாஷிரோ வரைக்கும் ஒரு எடம் கெடைக்குமா?"

"பின்னாடி காலியா இருக்குக்கா, ஏறுங்க."

"நொபுயே," என்று ஷோபேய் மெதுவாகத்தான் கூப்பிட்டார். விருந்தாளிகள் இருக்கும்போது அந்த வீட்டில் யாரும் கத்துவதில்லை. அவள் ஏறிவிட்டாள்.

நான் அவள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போது அடுத்த பஸ் கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. இழுப்பறையைக் கொட்ட முற்றத்துக் குழியை விட்டால் வேறு இடம் இல்லை. ஷோபேய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரபுவின் பொருளைக் கண்ணுக்கு நேராக இரண்டு கையாலும் உயர்த்தித்தான் எடுத்துப்போக வேண்டும், தலை குனிந்திருக்க வேண்டும். அதைக் கீழே இறக்க அந்த மனிதரால் அப்போதும் முடியவில்லை. சின்னம் போட்ட மேலங்கியோடு, மூக்குக்கு நேரே அதைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் பனியில் அடிமேல் அடி வைத்துப் போனார்.

கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டது. சிலர் தலைகுனிந்து வணங்கினார்கள். கேமரா சத்தம் கேட்டது.

"ஏதோ சடங்கு போலிருக்கு," என்றாள் ஒரு அம்மாள். "இந்தக் குளிர்லயும் விடாம செய்யறாங்க பாரு."

அக்கா ஏறிய பஸ்ஸிலேயே நானும் ஏறிப் போனேன்.

தகாஷிரோ வீட்டில் எங்கள் அப்பா நொபுயேயோடு சில நாள் பேசவில்லை. அம்மா அவளைக் குளிக்கவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, கால் வீக்கத்தை வடியவைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனேஹரு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா எறங்கி வந்துட்டார். கொழந்த பொறக்கற வரைக்கும் விருந்தாளி கக்கூஸையே நீ உபயோகிச்சுக்கலாமாம்."

"பொறந்தப்புறம்?"

முனேஹரு தேநீரைப் பார்த்தார்.

"அத மொதல்ல நீங்க யோசிங்க. அவரக் கேக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு நொபுயே உள்ளே போய்விட்டாள்.

பனி உருகும்போது பெண் குழந்தை பிறந்தது. முனேஹரு மரமில்லுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகை வீடு பார்த்திருந்தார். தானாகப் பார்த்தார், அப்பாவிடம் பிறகுதான் சொன்னார். ஒகிசாவாவில் இப்போதும் அவளைப் பிரபுவின் மேல் வாந்தி எடுத்த மருமகள் என்றுதான் சொல்கிறார்கள். கடைத்தெருவில் சிலர் அவளுக்கு வணக்கம் சொல்வதில்லை. சொல்லாதவர்களிடம் மீன் வாங்குவதை அவள் நிறுத்திவிட்டாள். புது வீட்டில் கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது. கதவு மட்டும் சரியாகச் சாத்தாது.