ஒரு டொலர் முத்திரை

நாற்பத்தேழு சதம் என்று அச்சிட்ட முத்திரையை ஒரு டொலருக்கு விற்பது பகற்கொள்ளை. பத்து வயதில் அப்படித்தான் சொன்னேன், இன்றும் சொல்வேன். வரியைச் சேர்த்தாலும் ஒரு டொலர் வராது. அதையும் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்திருந்தேன்.

விற்றவர் எங்கள் தெருமுனையில் டெப்பனர் என்கிற சில்லறைக் கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்தார், ஆகவே எங்களுக்கு மாமா. கொழும்பில் நின்ற அப்பாவை மொன்றியலுக்கு எடுப்பிக்க அம்மா கனடாக் குடிவரவுக் கந்தோருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாகப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தபாற்கந்தோர் இரண்டு தெரு தள்ளி இருக்க, முத்திரைக்கு மட்டும் இந்தக் கடைக்கே போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை கடை நிறையச் சனம். அம்மா ஒரு டொலரை நீட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, முத்திரையில நாப்பத்தேழு எண்டுதானே போட்டிருக்கு? ஏன் கூட எடுக்கிறியள்? இது களவு."

அவர் முகம் கறுக்க, மிச்சச் சில்லறையை என் கையில் வைத்தார். "பிள்ளை கேக்கிறது சரிதான்."

ஊரையே திருத்திவிட்ட மிதப்பில் நடந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அம்மா வாய் திறந்தார்.

"எங்கட பிரெஞ்சுக் கடிதமெல்லாம் ஆர் வாசிச்சு, ஆர் பதில் எழுதித் தாறது? அந்த மனுசன்தான். காசு குடுத்தா வாங்கமாட்டார். முத்திரையில கூட வைச்சு எடுங்கோ எண்டு நாங்கள்தான் கெஞ்சினது."

எனக்கு இது அதைவிட மோசமாகப் பட்டது. கூலி என்றால் கூலி என்று சொல்லி வாங்க வேண்டியதுதானே? முத்திரைக்குள் ஏன் ஒளிக்க வேண்டும்? அழுதுகொண்டே வாதாடினேன்.

அதன் பிறகு அவர் முத்திரைக்கு ஒரு சதமும் கூட எடுக்கவில்லை. வழியில் கண்டால், "கடிதம் வந்தாக் கொண்டாங்கோ, தங்கச்சி" என்பார். "பேந்து வாறன், அண்ணை" என்று அம்மா சொல்வார், போகமாட்டார். சும்மா எழுதுவிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.

அடுத்த கடிதம் வந்தபோது அதை என் முன்னால் வைத்தார்.

"நீதானே பிரெஞ்சு படிக்கிறாய். வாசி."

பாதிதான் விளங்கியது. நியாயம் கேட்ட வாய் அதை ஒப்புக்கொள்ளுமா? "ஒண்டுமில்லை அம்மா, பொறுத்திருக்கட்டாம்" என்றேன். அம்மா நிம்மதியாக அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் அப்பாவின் விண்ணப்பக் கோப்பை மூடிவிடுவோம் என்ற வரி, எனக்கு விளங்காத அந்தப் பாதியில் இருந்தது.