நாக்குக்கு அடியில் ஒரு சொட்டு

நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண் காஞ்சனா. சித்தூர் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக பார்மசிஸ்ட். ஜன்னலில் நீளும் சீட்டை வாங்குவாள், மருந்தை எடுத்துக் கொடுப்பாள். கொடுத்த மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்தது என்று ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை இருக்கும். பாலசமுத்திரம் பக்கத்துத் தக்காளித் தோட்டத்திலிருந்து ஐந்து கூலியாட்களை ஒரே வேனில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். பூச்சிமருந்து கலக்கிய டிரம்மில் தெரியாமல் குடிதண்ணீர் பிடித்துவிட்டார்களாம். ஐந்து பேருக்கும் வாயில் நுரை, மூச்சில் களகளவென்று சத்தம். கமலம்மா என்ற பெண்ணுக்கு நினைவே இல்லை.

நர்ஸ் ரோஜா ஜன்னலுக்கு ஓடி வந்தாள். “அக்கா, அட்ரோபின் எவ்ளோ கீது?”

“நாப்பத்திரண்டு ஆம்பூல். மூணு வாரமா கேட்டுக்கினே கீறேன், சப்ளை வரல.”

நெஞ்சில் கட்டிய நீர் வற்றும்வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்க வேண்டிய மருந்து அது. முதலில் மூன்று ஊசிக் குப்பி, பிறகு ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு. காஞ்சனா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கமலம்மா ஒருத்திக்கே பற்றாது.

கூடப் படித்து, இப்போது திருப்பதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெகநாதனுக்குப் போன் போட்டாள். கிடைத்ததையெல்லாம் திரட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். ஆனால் பஸ் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

போனை வைத்த கையோடு கண் வார்டுக்கு ஓடினாள். கண் பாவையை விரிக்கப் போடும் சொட்டு மருந்தும் அதே அட்ரோபின்தான். பதினோரு புட்டி இருந்தது. தேதி பார்த்தாள், எல்லாம் சரி. அள்ளிக்கொண்டு டாக்டர் ஜெயபிரகாஷிடம் வந்தாள்.

“சார், இதுல ஒரு சொட்டு கிட்டத்தட்ட ஒரு ஆம்பூலுக்குச் சமம். ஒரு புட்டி எண்பது ஆம்பூல். ஊசியில ஏத்தக் கூடாது. நாக்குக்கு அடியில விடலாம். வழியில்லாத எடத்துல செஞ்சிருக்காங்க, படிச்சிருக்கேன்.”

அவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆம்பூல் மொத்தமும் கமலம்மாவுக்கு வச்சுக்கறேன், தீர்ந்தா அவங்களுக்கும் சொட்டுதான். மத்த நாலு பேருக்கு நீங்களே சொட்டு எண்ணி விடுங்க, காஞ்சனாகாரு. எத்தனைன்னு நான் சொல்றேன்.”

ரோஜா வாயிலிருந்த நுரையை உறிஞ்சி எடுக்க எடுக்க, காஞ்சனா நாக்கைத் தூக்கிச் சொட்டு விட்டாள். அளவு கொஞ்சம் கூடினால் ஆளையே பிதற்றவைக்கும் சரக்கு, ஊமத்தங்காயில் இருக்கும் அதே விஷம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு விஷத்தைத் தடுக்க இன்னொரு விஷத்தை எண்ணி எண்ணி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம் போனது. முதல் கட்டிலில் இருந்த எழிலரசனின் முகம் மெல்லச் சிவந்தது. நுரை நின்றது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவன் நெஞ்சில் வைத்துக் கேட்டார். “எண்டிபோயிந்தி,” என்றார் தணிந்த குரலில். வற்றிவிட்டது. பிறகு அதைக் கழற்றி அவள் காதில் மாட்டிவிட்டார்.

உலை கொதிப்பதுபோல் இருந்த நெஞ்சுக்குள் இப்போது வெறும் காற்று போய் வந்தது. காஞ்சனாவுக்கு உடம்பு சிலிர்த்தது. கடுகத்தனை துளி, வாய்க்குள் கரைந்து, யாரும் வழி சொல்லாமல் நுரையீரலைத் தேடிப் போய்க் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. பத்தொன்பது வருஷமாக இதையா அட்டைப் பெட்டியில் போட்டு நீட்டிக்கொண்டிருந்தோம் என்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

இரண்டு மணிக்குக் கண்டக்டர் பார்சலோடு உள்ளேயே வந்துவிட்டார். முந்நூறு ஆம்பூல்.

நான்கு பேர் அந்த வாரமே வீடு திரும்பினார்கள். கமலம்மாவுக்கு மட்டும் ஒன்பது நாள் செயற்கை மூச்சு. தினமும் சாப்பாட்டு வேளையில் காஞ்சனா அந்தக் கட்டில் பக்கம் போய் நின்றுவிட்டு வருவாள். தொண்டையில் செருகிய குழாயை எடுத்த மறுநாள் கமலம்மா கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரும்மா நீ? தெனம் வந்து நிக்கிறியாமே. பசிக்குது, எதுனா துன்னக் குடேன்.”