பார்வையாளர்களுக்கு மட்டும்

அரண்மனை வாசலில் டிக்கெட் கிழிக்கும் அக்காவுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். காலை ஒன்பதுக்கு வந்து நின்றால் மாலை ஆறு வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். விரதம் எல்லாம் இல்லை. ஊழியர்களுக்குக் கழிப்பறை கிடையாது, அவ்வளவுதான். சிறுநீர்த் தொற்று இரண்டு முறை வந்துவிட்டது. "இன்னொரு தடவை வந்தா கிட்னியையே பதம் பார்த்துடும்மா" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

உள்ளே, முந்நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ராஜாவின் கழிப்பறையைக் கயிறு கட்டிப் பாதுகாக்கிறார்கள். உயிரோடு நிற்பவள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இதற்குப் பாரம்பரியம் என்று பெயர்.

போன மாதம் புது வசதிகள் வந்தன. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், குடிநீர்க் குழாய், பின்கட்டில் பளபளவென்று ஆறு கழிப்பறைகள். அக்கா ஆசையாகப் போனாள். கதவில் பலகை: பார்வையாளர்களுக்கு மட்டும். அவற்றைத் தினமும் கழுவுகிற ஒப்பந்தத் துப்புரவுப் பெண்ணுக்கும் அதே தடைதான்.

நேராக அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"இது பார்வையாளர் வசதித் திட்டம்மா. ஊழியர் வசதி வேற தலைப்பு. அதுக்கு அனுமதி வரல."

"என் வயிறு எந்தத் தலைப்புல வருது சார்?"

"கிண்டலா? மீறினா மெமோதான்."

வீட்டில், தையல் மெஷினிலிருந்து கணவர் தலை நிமிர்ந்தார். "மெமோ வாங்கி வேலை போச்சுன்னா?"

"கிட்னி போச்சுன்னா நீங்க குடுப்பீங்களா?"

"கேட்டுப் பாரேன்."

"ஊசி குத்தினாலே ஊரைக் கூட்டுற ஆளு!"

மறுநாள் பதினோரு மணிக்கு அக்கா கவுன்ட்டர் வரிசையில் நின்று ஒரு டிக்கெட் வாங்கினாள். வாசலுக்கு வந்து பாதியைக் கிழித்துப் பெட்டியில் போட்டாள். மீதியைத் தனக்கே கொடுத்துக்கொண்டாள். சாய்தளத்தில் நிதானமாக ஏறினாள். பின்னாலேயே துப்புரவுப் பெண், காவலாளி, தோட்டக்காரர். எல்லார் கையிலும் கிழித்த டிக்கெட்.

வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் இல்லை. வரிசை தெருவைத் தொட்டது. அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்து கழிப்பறைக் கதவைத் தட்டினார்.

"வாசலை விட்டுட்டு இங்க என்னம்மா பண்றீங்க?"

"நான் இப்ப பார்வையாளர் சார். உள்ள ஆள் இருக்கு, தட்டாதீங்க!"

வேறு வழியில்லாமல் அதிகாரியே டிக்கெட் கிழித்தார். கோணல்மாணலாகக் கிழித்து, ஒரு பெரியவரிடம் திட்டும் வாங்கினார். அக்கா சாவகாசமாகத் திரும்பி வந்தாள்.

"பலகையைக் கழட்டிடறேன். வந்து நில்லுங்கம்மா."

"வாயால சொன்னா, அடுத்து வர்ற அதிகாரி பலகையைத் திரும்ப மாட்டிடுவார். எழுதிக் குடுங்க சார். அதுவரைக்கும் நான் அரண்மனையைச் சுத்திப் பார்க்கறேன். டிக்கெட் இருக்குல்ல?"

டிக்கெட் பெட்டியின் மேலேயே காகிதத்தை வைத்து அவர் எழுதினார்: ஊழியர்களும் பயன்படுத்தலாம். கையெழுத்துப் போடப் பேனா இறங்கியது.

"இருங்க சார். ஒப்பந்த ஊழியர்களும்னு சேருங்க."

அவர் துப்புரவுப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். வரிசையிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, அடுத்த ஆளின் டிக்கெட்டுக்குக் கை நீட்டினாள்.