காலுறையில் ஒட்டிய புல்விதைகள்

எங்கள் கவுன்சிலர் தேசியப் பூங்காவின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். கட்டையான மனிதர். எங்கே உட்கார்ந்தாலும் காலுறையில் ஒட்டிய புல்விதைகளைப் பிடுங்கிக் காகிதத்தில் மடித்துக்கொள்வார். நாங்கள் கோயிலுக்கு நடந்துபோகும் காட்டுப்பாதையைக் கங்காருக்களின் பாதுகாப்புக்கென்று குழு மூடியபோது என்னிடம் மட்டும் சொன்னார்:

"மூடக்கூடாதெண்டு கடைசிவரைக்கும் கதைச்சனான் அண்ணை. ஆனா குழு முடிவெடுத்தாப் பிறகு வெளியில மாறிக் கதைக்கேலாது."

தேர்தலுக்கு முந்திய கூட்டத்தில் ஒருவர் எழுந்து கத்தினார்: "வோட்டு எங்கட, விசுவாசம் கங்காருவுக்கோ?"

சபை சிரித்தது. கவுன்சிலர் என்னைப் பார்த்தார். உண்மை தெரிந்த நான், அவர் பக்கம் பேசினால் என் கோயில் தலைவர் பதவி போய்விடுமென்று பயந்து, சேர்ந்து சிரித்தேன். அவர் குனிந்து, விதையே இல்லாத காலுறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

தேர்தலில் தோற்றார். இன்றும் வழியில் கண்டால், "சுகமா இருக்கிறியளா அண்ணை?" என்று அவர்தான் முதலில் கேட்கிறார்.