கடிதக்காரிக்குக் கட்டிய சந்தா

முடிக் கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு அருவருப்பெல்லாம் முதல் வாரத்தோடு தீர்ந்துவிடும். யார் யார் தலையிலிருந்தோ சீப்பில் உதிர்ந்து, உருண்டு, மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் முடி. அதில் பழைய எண்ணெயின் நாற்றம் இருக்கும், பொடுகு இருக்கும், செத்த பேன் இருக்கும், சில நேரம் யாரோ மென்று துப்பிய சூயிங்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மடியில் போட்டு, ஊசியால் சிக்கு நீக்கி, நீளம் பார்த்துக் கட்டிக் கொடுத்தால் அது சவுரியாகவும் டோப்பாவாகவும் மாறி வேறு யார் தலைக்கோ போய்ச் சேரும். ஊமைச்சி வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தாள். பிறகு பழகிவிட்டது. மதியம் கையைக் கழுவிக்கொண்டு அதே கையால் சாப்பிடுகிறாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வியாழக்கிழமை சாயங்காலம், பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனில் ஒரு மின்னஞ்சலைப் படித்தபோது குமட்டிக்கொண்டு வந்தது.

ஊமைச்சி என்று பெயர் வைத்தது பெரியக்கா. சிக்கெடுக்கும் அறையில் இருந்த ஆறு பெண்களில் மூத்தவள், கட்டுகளை எடை போட்டு வாங்குகிறவள், திறந்த வாயை மூட மறந்துவிடுகிறவள். சேர்ந்து ஒரு மாதமாகியும் "ம்", "இல்லக்கா" இரண்டையும் தவிர இவள் வேறெதுவும் பேசாததைப் பார்த்து, "இதென்ன, எனக்குன்னு ஒரு ஊமச்சியைப் பிடிச்சு அனுப்பியிருக்கானுங்க" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் ஊமைச்சி. வாயைத் திறந்தால் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். பேசாதவர்களுக்குக் கண் அதிகமாக வேலை செய்யும். யார் அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருக்கிறாள், யார் வீட்டில் காலையில் அடுப்புப் பற்றவைக்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குச் சொல்லாமலே தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள்.

அறையில் ஒரு ரேடியோ இருந்தது. அது அலமாரியிலிருந்து விழுந்து ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது. வேறொன்று வாங்கித் தருகிறேன் என்ற முதலாளி இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். பாட்டில்லாமல் சிக்கெடுத்தால் கொட்டாவிதான் வரும். அந்த நாட்களில் ஒருநாள்தான் ஊமைச்சி போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது பெரியக்காவின் கண்ணில் பட்டது.

"என்னடி அது? யாரு போட்ட கடிதாசி?"

"யாருமில்லக்கா. ஒரு அம்மா வாரா வாரம் எழுதுறாங்க. மெயில்ல வரும்."

"உனக்கா எழுதுறாங்க?"

"சந்தா கட்டினவங்க எல்லாருக்கும்."

"காசு குடுத்து அழுவுறியா நீ? நாங்கல்லாம் ஓசியிலயே அழுதுக்கிட்டு இருக்கோம். சரி, சத்தமா படி. என்னதான் எழுதுறா பாப்போம், அந்தக் கடிதக்காரி."

படித்தாள். முதல் நாலு வரி அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பிறகு அறையில் ஊசிகளின் சத்தம்கூட அடங்கிவிட்டது. கையில் போன் இருந்தால் ஊசி பிடிக்க முடியாது. அதனால் பெரியக்கா ஒரு தீர்ப்புச் சொன்னாள். ஊமைச்சி படிக்கும்போது மற்ற ஐந்து பேரும் அவள் குவியலிலிருந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி முடியை அள்ளித் தங்கள் மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். படிச்சா பங்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மதியமும் ஐந்து கைகள் நீண்டு வரும், அவள் குவியல் பாதியாகும். அதுகூடப் பெரிதில்லை. அந்த அரை மணி நேரம் அவள் குரலுக்காக ஐந்து பேர், அதிலும் பெரியக்கா, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் பிழைப்பில் அதுவரை நடக்காத காரியம் அது.

கடிதக்காரி ஆரம்பத்தில் நன்றாகத்தான் எழுதினாள். விவாகரத்துக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி வழிந்ததையும், காகிதத்தை வைத்துவிட்டு அடுப்பைத்தான் முதலில் துடைத்தேன் என்பதையும் அவள் எழுதியபோது ஊமைச்சி அதையே இரண்டு தரம் படித்தாள். ஆனால் நாளாக ஆக எழுத்தில் பாகு வழிய ஆரம்பித்தது. இரண்டு வரிக்கு ஒரு "என் உயிரே". பிறகு தலையணை உறை விற்றாள். ஏதோ ஒரு மூலிகை எண்ணெய் விற்றாள். ஊமைச்சி அரிசியில் கல் பொறுக்குவதுபோல அந்த வரிகளையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் படித்தாள். அறையில் யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் முழுக்கக் கடிதக்காரி தன் மாமியாரைப் பற்றியே எழுதினாள். மகன் விவாகரத்து வாங்கிப் போன பிறகும் இவளோடேயே தங்கிவிட்ட மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அதை எல்லோரையும்விடக் கவனமாகக் கேட்டவள் சோடா. கண்ணாடியின் தடிமனுக்காக வைத்த பெயர் அது. அவள் வீட்டிலும் மாமியார் படுக்கையில்தான் இருந்தார்.

"ஊமச்சி, அந்தம்மாகிட்ட எனக்காக ஒண்ணு கேளேன்" என்றாள் ஒருநாள். "அவங்க மாமியாருக்கு முதுகுல புண்ணு வரலையாமா? எங்க வீட்டுல நாத்தம் தாங்கல. திருப்பிப் போட்டா கிழவி அலறுது. எம் புருஷன் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல."

ஒவ்வொரு கடிதமும், பதில் எழுதுங்கள், ஒன்று விடாமல் நானே படிக்கிறேன் என்றுதான் முடியும். ஊமைச்சி அதை நம்பினாள். வார்த்தை வார்த்தையாகத் தேடி எழுதி அனுப்பினாள். கண்ணைச் சிமிட்டுவதற்குள் பதில் வந்து விழுந்தது. "உன் வலி என் நெஞ்சைத் தொட்டது, என் உயிரே." அதற்குக் கீழே எண்ணெய்ப் புட்டியின் படம், தள்ளுபடி விலை. இவ்வளவு சீக்கிரம் எப்படிப் படித்தாள் என்று சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்க்க, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் எழுதி அனுப்பினாள். உடனே வந்தது: "உன் வலி என் நெஞ்சைத் தொட்டது, என் உயிரே."

சோடா வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெரிய கண்கள் தன்னையே பார்ப்பதை ஊமைச்சியால் தாங்க முடியவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே, இல்லாத வரிகளைப் படித்தாள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். கால் இரண்டுக்கும் நடுவே தலையணை வைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, ஈரம் நிற்கக் கூடாது. வாய் திறந்த புண்ணை நர்ஸிடம் காட்டித்தான் கட்டுப் போட வேண்டும், வீட்டு வைத்தியம் கூடாது. எல்லாம் தன் அம்மாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டபோது தெரிந்துகொண்டது. சோடா அப்படியே செய்தாள். கிழவியின் புண் ஆற ஆரம்பித்தது.

"அந்த மகராசி நல்லா இருக்கணும்" என்றாள் சோடா, கடிதக்காரியை. ஊமைச்சி ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இப்போது பேருந்தில் படித்த கடிதத்தில் கடிதக்காரியின் மாமியார் செத்துப்போயிருந்தார். படிக்கப் படிக்க ஊமைச்சியின் நாக்கு கண்ணை முந்திக்கொண்டு ஓடியது. ஜன்னல் கம்பியில் ஒரு குருவி வந்து உட்காரும் என்று தோன்றியது, அடுத்த வரியில் உட்கார்ந்தது. இப்போது விரலைப் பிடிப்பார் என்று நினைத்தாள், பிடித்தார். சத்தமாகப் படித்த எதையும் நாக்கு லேசில் மறக்காது. பழைய மின்னஞ்சல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கடிதக்காரியின் சித்தி இதே குருவியோடு, இதே விரலைப் பிடித்துக்கொண்டு செத்திருந்தார். சித்தியை எடுத்துவிட்டு மாமியாரைக் கிடத்தியிருந்தாள். ஓரிடத்தில் மாற்ற மறந்து சித்தி என்றே கிடந்தது. அடியில், மறைந்த மாமியாரின் நினைவாக, சந்தாவைப் புதுப்பிக்கிறவர்களுக்கு எண்ணெய் ஒரு புட்டி இலவசம். பிணத்தை நடுவீட்டில் போட்டுவிட்டு வாசலில் கடை விரித்ததுபோல இருந்தது. சனிக்கிழமை சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்று இன்னொரு வரி.

வீட்டில் புருஷன் கைக்கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர்.

"அந்த மெயில் சந்தாவ நிறுத்திடலாமான்னு பாக்குறேன்."

"நிறுத்து. அதுக்கு ஏன் மூஞ்சிய எழவு விழுந்த மாதிரி வச்சிருக்க?"

"எழவுதான் விழுந்திருக்கு. அதே எழவு, ரெண்டாவது தடவை."

விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "நல்ல யாவாரம். சரி, நிறுத்திட்டா வெள்ளிக்கிழமை என்னத்தப் படிப்ப?"

"அதான் தெரியல."

"பொய்யின்னு உனக்கு மட்டும்தான தெரியும்? கண்ண மூடிக்கிட்டுப் படிச்சுட்டுப் போ. உனக்குக் குவியல் குறையுது, அவங்களுக்குப் பொழுது போவுது. யாருக்கு என்ன நட்டம்?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. நாளைக்கு இந்தச் சாவைப் படித்தால் சோடா அழுவாள். சித்திக்கு அழுத அதே அழுகை. பிறகு வீட்டுக்குப் போய்த் தன் மாமியாரின் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விற்கிற வரியைத் தாண்டிப் படித்துவிட்டால் போதும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது கடிதமே விற்கிற வரியாகிவிட்டது. தன் வாய் அந்தக் கடையின் வாய். தன் அம்மாவின் முதுகில் கற்றதுகூட அந்தக் கடையின் பேரில் பொட்டலம் கட்டிப் போய்விட்டது. நிறுத்தினாலோ, முழுக் குவியல், மறுபடியும் பழைய ஊமைச்சி.

போனை எடுத்தாள். நிறுத்தப் போனால் திரையில் ஒரு பூனைக்குட்டிப் படம் கண்ணீர் விட்டது. "போகாதே, என் உயிரே" என்றது. பாதி விலைக்குத் தருகிறேன் என்றது. ஒரு மாதம் சும்மா இருந்து பார் என்றது. நிறுத்து என்ற சொல் எல்லாவற்றுக்கும் அடியில், ஈர் அளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈர் பொறுக்கிப் பழகிய கண். கண்டுபிடித்து அழுத்தினாள்.

மறுநாள் மதியம் வழக்கம்போல ஐந்து கைகள் நீண்டு ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளின.

"எடுக்காதீங்கக்கா" என்றாள் ஊமைச்சி. "கடிதம் இல்ல. சந்தாவ நிறுத்திட்டேன்."

"ஏன், காசு இல்லையா?" என்றாள் பெரியக்கா. "சொல்லியிருந்தா ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருப்போமே. இதுக்குப் போய் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கா பாரு."

"காசு இல்லாம இல்லக்கா. பொய்யி. சித்தி செத்த கதையத் திருப்பி மாமியாருக்குப் போட்டிருக்கா. வார்த்த மாத்தாம. எழவச் சொல்லி எண்ணெய் விக்கிறா. படிக்க வாய் கூசுது."

அறையில் யாரும் கோபப்படவில்லை, கடிதக்காரி மேல். எல்லோரும் ஊமைச்சியைத்தான் பார்த்தார்கள்.

"சினிமாக்காரன் செத்த மாதிரி நடிச்சா நீ எழுந்து வந்துடுவியா?" என்றாள் பெரியக்கா. "உனக்குப் பொய்யின்னா நீ வச்சுக்கோ. எங்களுக்கு எதுக்குச் சொல்ற? வாரத்துல ஒரு அரை மணி நேரம், அதுவும் பொறுக்கல உனக்கு."

சோடா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அப்ப எனக்கு எழுதினது? தலையணை வைக்கச் சொன்னது?"

"அது அவ எழுதல. எங்கம்மாவுக்கு நான் அப்படித்தான் பாத்தேன்."

"உன் வாயால சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

சோடா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அள்ளிய கைப்பிடி முடியை ஊமைச்சியின் குவியலில் திரும்பப் போட்டாள். மற்ற நான்கு பேரும் அப்படியே செய்தார்கள். பெரியக்கா போட்டது கொஞ்சம் கூடுதலாகவே இருந்ததுபோல் தெரிந்தது. குவியல் மடியை மறைத்தது. பழைய எண்ணெய் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. வேலையில் சேர்ந்த முதல் நாள் அடித்த அதே நாற்றம். ஊமைச்சி ஊசியை எடுத்தாள்.

ரேடியோவும் இல்லை, கடிதமும் இல்லை. ஊசிகள் மட்டும் கரக் கரக்கென்று இழுத்துக்கொண்டிருந்தன.

"குதிகால்லயும் இப்ப செவப்பா தெரியுது" என்றாள் சோடா, தலையை நிமிர்த்தாமல், யாரிடம் கேட்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல். "அதுக்கு என்ன செய்யறது?"

ஊமைச்சி பெரியக்காவைப் பார்த்தாள்.

"என்ன என்னைப் பாக்குற? கேக்குறாள்ல, சொல்லு" என்றாள் பெரியக்கா. "ஆனா கை நிக்கக் கூடாது. படிச்சாத்தான் பங்கு, பேசுறதுக்கெல்லாம் பங்கு கிடையாது."

"குதிகால் படுக்கையில படவே கூடாது" என்று ஊமைச்சி ஆரம்பித்தாள். குரல் முதலில் அவளுக்கே கேட்கவில்லை. "கெண்டைக்காலுக்கு அடியில ஒரு துணிய மடிச்சு வை. குதிகால் அந்தரத்துல நிக்கணும். அழுத்தித் தேச்சு விட்டுடாத."

"எந்தத் துணி?" என்றாள் சோடா.

ஊமைச்சி சொன்னாள். மடியிலிருந்த உருண்டையில் யாரோ ஒருத்தியின் நரைமுடி சிக்கியிருந்தது. சொல்லிக்கொண்டே அதை ஊசியால் நெம்பி எடுத்து, நரைக்கென்று தனியாக இருந்த பக்கத்தில் வைத்தாள்.