மலேசியாவுக்கு வந்த குருசாமி

'ஓட்டுநருக்கான அன்பளிப்பு கட்டணத்தில் சேராது. பயணிகள் தம் கையாலேயே தர வேண்டும்.' மலேசியச் சுற்றுலாவுக்கு முன் பயண நிறுவனம் தந்த தாளில் இருந்த விதி இது. அதைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

கோலாலம்பூரில் இறங்கியதும், ஊரிலிருந்து எங்களைக் கூட்டிப்போனவர் கையை நீட்டினார். "ஆளுக்கு ஆள் ரிங்கிட்ட வச்சுக்கிட்டு ஏன் முழிக்கிறீக? எங்கிட்டக் குடுங்க சாமி. டிப்ஸ நான் பாத்துக்கிறேன்."

பழனிசெட்டிபட்டிக்காரர். கனத்த உடம்பு, வெள்ளைத் தாடி. எல்லோரையும் 'சாமி' என்பார். பல வருடங்களாக எங்களைச் சபரிமலைக்கு அழைத்துப்போகும் குருசாமி அவர்தான். பொதுப்பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காமல் மலையேறுவது எங்கள் வழக்கம். விமானம் ஏறியும் அது மாறவில்லை. எல்லோரும் கொடுத்தோம்.

கடைசி நாள் பெட்டிகளை இறக்கிவைத்த ஓட்டுநர், அந்த ஊர்த் தமிழர், என்னிடம் தயங்கிக் கேட்டார். "ஐயா, நான் ஏதாச்சும் தப்பா ஓட்டிட்டேனா? யாருமே ஒண்ணும் கொடுக்கலியே."

என்னிடம் ரிங்கிட் மிச்சமில்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். "இத மாத்த நான் எங்கய்யா போவேன்?" என்று சிரித்துத் திருப்பித் தந்துவிட்டார்.

குருசாமியிடம் ஓடினேன். "அப்பவே குடுத்தாச்சு சாமி," என்றார், என் கண்ணைப் பார்த்தே.

ஊர் திரும்பியதும் விளக்கம் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினேன். அவர் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை உடனே வந்தது. பதில் வரவில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டதும் வருடாவருடம் எனக்கு மாலை போட்டுவிட்ட அதே கைதான்; வேறு கை எனக்குத் தெரியாது.

பல மாதம் கழித்துக் கைப்பேசியில் குருசாமியிடமிருந்து ஒரு செய்தி. "சாமி, எல்லாரும் கோயிலுக்கு வந்துட்டாக. ஒங்க ஒருத்தருக்குத்தான் மால பாக்கி." பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அன்று கார்த்திகை முதல் தேதி.